புள்ளியைத் தின்றுவிடும் கையெழுத்து மென்பொருள்

சிங்கப்பூரில் பழைய தமிழ்ச் சங்கக் கூட்டக் குறிப்புகளைக் கணினி படிக்கும்படி செய்ய முனைவோருக்குப் பயிற்சிக்குரிய கையெழுத்து மாதிரிகள் கிடைப்பதுதான் பெரும்பாடு. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்கே எம்னிஸ்ட் (MNIST) என்னும் கையெழுத்துப் படத் தொகுப்பில் 70,000 படங்கள் உள்ளன. நமக்கோ 247 எழுத்துகள், அவற்றுள் ஙூ, ஞௌ போன்றவற்றை யாரும் எழுதிப் பார்த்திருக்க மாட்டோம்.

இக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லும் சந்தா மென்பொருள் ஒன்றை எங்கள் சங்கத்தின் ஆவணப் பணிக்கு வாங்கினோம். அது எழுத்துருவிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துச் சாய்த்து, நெளித்து, கோட்டைத் தடிப்பாக்கி அல்லது மெலிதாக்கி, தாளின் கறையையும் மசிக் கசிவையும் சேர்த்து, வேண்டிய அளவு படங்களைத் தருகிறது. வேகத்தில் குறையில்லை, பயன்படுத்துவதும் எளிது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கோட்டை மெலிதாக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி சில படங்களில் மறைந்துவிடுகிறது. ஆனால் படத்துக்குரிய பெயர் 'க்' என்றே நிற்பதால், பயிற்சி பெறும் கணினி புள்ளியில்லாத வடிவத்தையும் 'க்' என்றே கற்றுக்கொள்கிறது. அதேபோல் நெளிவின் அளவைக் கூட்டினால் துணைக்காலும் (ா) 'ர'கரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு ஏற்ற அளவுகளை அப்படியே தமிழுக்கும் வைத்திருக்கிறார்கள் போலும். அவற்றைக் குறைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் சில படங்களைக் கண்ணால் சரிபார்த்த பிறகே நாங்கள் பயன்படுத்துகிறோம். மேலும், எத்தனை நெளித்தாலும் அச்செழுத்து அச்செழுத்துதான். பேனாவை எடுக்காமல் கொம்பையும் எழுத்தையும் சேர்த்தெழுதும் பெரியவர்களின் கை அதில் வருவதில்லை. ஆகவே அரிய எழுத்துகளுக்கு மட்டும் இப்படங்களை நம்பலாம். மற்றவற்றுக்கு உண்மையான தாள்களை வருடியெடுப்பதே மேல்.

எல்லா எழுத்துகளையும் சம எண்ணிக்கையில் உருவாக்குவது இதன் இயல்பான அமைப்பு. அதை மாற்றாவிட்டால், அரிய எழுத்தும் மற்றவற்றைப் போலவே அடிக்கடி வரும் என்று கற்றுக்கொண்டு, கணினி எங்கும் 'ஞௌ'வைக் கண்டுபிடிக்கும்.

தமிழக அரசு 1978இல் மாற்றிய ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களும் இதில் இல்லை. நம் முதியவர்கள் பலர் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) அவற்றுக்குத் தனிக் குறியீடு கிடையாது. வடிவத்தை எழுத்துருவே தீர்மானிக்கிறது. எனவே பழைய வடிவங்கள் கொண்ட எழுத்துருவை நாமே ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த வசதி கூடுதல் கட்டணச் சந்தாவில் மட்டுமே உண்டு.