காரைக்குடியில் ஒரு கேடயக் கடை: பேர் வெட்டும் வேலைக்காகவே போகலாம்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கோல்ஃப் ஆடும் என் அண்ணன் மகள், அந்நாட்டு மகளிர் கோல்ஃப் பயிற்றுநர் சங்கம் படிப்பில் சிறந்த ஆட்டக்காரர்களுக்காக ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் இம்முறை இடம்பெற்றாள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவளுக்குக் கொடுப்பதற்காக, கல்லுக்கட்டிப் பகுதியிலுள்ள ஒரு கடையில் கேடயம் செய்யச் சொன்னோம்.

அந்தப் பட்டியலில் சேர, நான்குக்கு 3.50 என்ற சராசரி மதிப்பெண்ணாவது வேண்டும். பருவத்தின் போட்டிச் சுற்றுகளில் பாதியேனும் ஆடியிருக்கவும் வேண்டும். பல போட்டிகளில் ஒரே நாளில் 36 குழிகளை நடந்தே ஆடுகிறார்கள் என்பதையும், வெளியூர்ப் பயணங்களில் வகுப்புகள் தவறிப்போவதையும் எண்ணினால், இது கோப்பையை வெல்வதற்குச் சற்றும் குறைந்ததன்று.

கடையின் ஆயத்தக் கேடயங்கள் இதற்கு உதவவில்லை. மட்டை பிடித்த கிரிக்கெட் ஆண்களே அலமாரி முழுவதும் நின்றார்கள். கோல்ஃப் ஆடும் பெண் உருவம் உண்டா என்றதற்கு உரிமையாளர், "ஹாக்கி பொம்மை இருக்கு ஆச்சி, தூரத்துல பாத்தா வித்தியாசம் தெரியாது" என்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் நான்காம் இடம் பிடித்த பின்னும் நிலைமை இதுதான்.

ஆனால் அவரே சொன்ன மாற்று யோசனை அருமையானது: இடித்த பழைய வீட்டின் தேக்குச் சட்டத்தில் பித்தளைத் தகடு, உருவம் ஏதுமின்றி எழுத்து மட்டும். ஆங்கில வரிகளை இயந்திரத்தில் பொறித்தவர், தமிழ்ப் பெயரைத் தாமே உளியால் வெட்டினார். முதலில் தாளில் எழுதி எங்களிடம் காட்டி, பிறகு தகட்டில் ஒட்டி, புள்ளி புள்ளியாகத் தட்டிச் சேர்த்தார். 'ழ'கரத்தின் வளைவு எங்கும் உடையவில்லை, அவளது சராசரி மதிப்பெண்ணான 3.82 என்பதில் புள்ளி தேய்ந்து 382 ஆகிவிடாதபடி அதை மட்டும் ஆழமாக இறக்கியிருந்தார். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்கு விலாசம் (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்) வெட்டிப் பழகிய கை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. பெண் பிள்ளையின் பெயரைப் பித்தளையில் வெட்ட இவ்வூரில் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று என் மாமியார் சொன்னதை அவர் ரசித்துச் சிரித்தார்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வேலை முடியவில்லை. தொலைபேசியில் கேட்டால்தான் தகவல் கிடைத்தது. செய்தித்தாளும் சணலும்தான் பொதி, ஆகவே வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வோர் தாங்களே பெட்டி கொண்டுபோவது நல்லது. பின்புறம் மாட்டுவதற்குக் கொக்கி இல்லை. கேட்டபின் இலவசமாகப் பொருத்தித் தந்தார். விலை 2,400 ரூபாய், ஆயத்தக் கேடயங்களைவிடக் கூடுதல். கைவேலைக்கு அது தகும்.

வாசகத்தைத் தட்டச்சு செய்த தாளில் கொடுங்கள், வாய்மொழியாகச் சொல்ல வேண்டாம். அவசர வேலையென்றால் வேறு கடை பாருங்கள்.