ஐ.ஜி.சி.எஸ்.இ. முடித்த பிறகு ஏ லெவலா, மாநில பிளஸ் ஒன்னா?

வேலூர், காட்பாடிப் பக்கம் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் பத்தாவது (ஐ.ஜி.சி.எஸ்.இ.) முடிக்கும் பிள்ளைகளுக்கு, அதே பாடத்திட்டத்தில் பிளஸ் டூவுக்கு இணையான ஏ லெவல் ஒரு வழி, மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் இன்னொரு வழி. எங்கள் வீட்டில் எடுத்தது இரண்டாவது. இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

பட்டப்படிப்பு வெளிநாட்டில்தான் என்று முடிவாகியிருந்தால் ஏ லெவல் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஏ லெவலுக்குத்தான் செலவு கூடுதல் என்பதும் தெரிந்ததுதான்.

சி.எம்.சி. மாதிரிக் கல்லூரியில் மருத்துவம் படிக்க நினைத்தால், முடிவு செய்வது தேர்வுக் காலம். நீட் வழக்கமாக மே மாத முதல் ஞாயிறு. மே-ஜூன் தேர்வுத் தொடரில் ஏ லெவல் தேர்வுகளோ ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் வரை ஓடும். மாநிலப் பொதுத்தேர்வு மார்ச் மாதத்தை ஒட்டி முடிந்துவிடுவதால் ஏப்ரல் முழுக்கத் திருப்புதலுக்குக் கிடைக்கும். பொறியியலுக்கும் இதே சிக்கல்தான்: மே-ஜூனில் எழுதிய ஏ லெவலுக்கு முடிவு ஆகஸ்ட் நடுவில் வரும், தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். அக்டோபர்-நவம்பரில் எழுதினால் ஜனவரியில் முடிவு வரும். ஆனால் இரண்டு வருடப் பாடத்தை ஒன்றேகால் வருடத்தில் முடிக்க வேண்டும்.

பாடங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இடிக்கும். மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தாலே வழக்கமான மூன்று ஏ லெவலும் போய்விடும். கணிதம் நான்காவது சுமை. மாநிலத்தில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தால் நான்கும் ஒன்றாகவே வந்துவிடும்.

ஏ லெவலின் மேன்மை செய்முறையில். இயற்பியல் மூன்றாம் தாளில், முன்பின் பார்க்காத கருவி அமைப்பை இரண்டு மணி நேரத்தில் அளந்து, பிழை வரம்பும் எழுதியாக வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் செய்முறைப் பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்கும். வணிகவியல், கலைப் பாடங்கள் எடுப்பவர்களுக்கு என் வாதம் பாதி வலுவிழக்கும்.

மாறுவதானால் ஐ.ஜி.சி.எஸ்.இ.யை மார்ச் தேர்வுத் தொடரிலேயே எழுதுங்கள். முடிவு மே மாதமே வரும். ஜூன் தொடரில் எழுதினால் ஆகஸ்ட் ஆகிவிடும், அதற்குள் பிளஸ் ஒன் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும். பத்தாவதுக்கு இணையாகக் கொள்ள ஆங்கிலம் உட்பட ஐந்து பாடங்களில் சி-க்குக் குறையாத கிரேடு வேண்டும். அசல் சான்றிதழ் தாமதமாகத்தான் வரும் என்பதால், முடிவு அறிக்கையை வைத்துச் சேர்த்துக்கொள்வார்களா என்று பள்ளி அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். பிளஸ் ஒன்னில் மொழிப்பாடம் தமிழா, வேறு மொழியா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பிரெஞ்சு படித்து வந்த பிள்ளைக்குப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியர் இல்லையென்றால், பிளஸ் ஒன் தமிழில் யாப்பும் இலக்கணமும் முதல் மாதமே மூச்சுத் திணற வைக்கும்.