ஆரஞ்சு ஆற்றில் கனோ: பாறையைக் கட்டிப்பிடிக்கச் சொல்கிறார்கள்

'கவிதையும் கனோவும்' என்று விளம்பரம். நான்கு நாள், இருவர் அமரும் கனோ (குறுகலான துடுப்புப் படகு), ராத்திரி ஆற்றங்கரை மணலில் படுக்கை. டர்பனில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கும் என் அண்ணிதான் பிடிவாதமாகப் புக் செய்தார். கேப் டவுனிலிருந்து என்7 சாலையில் ஸ்பிரிங்பாக் ஊரைத் தாண்டி நமீபிய எல்லைக்குப் போய்ச் சேரவே ஒரு பகல் ஆகிவிடும். ஆற்றின் இடக்கரை தென்னாப்பிரிக்கா, வலக்கரை நமீபியா. பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாமான் நனையாமல் வைக்க எங்களுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் டிரம்மின் மூடியில் ரப்பர் வளையமே இல்லை. அண்ணியின் ஸ்லீப்பிங் பேக் தொப்பலாக நனைந்தது. கேட்டால், "வெயிலில் காய்ந்துவிடும்" என்றார்கள். காய்ந்தது, மறுநாள் மத்தியானம்!

கவிதை ஏற்பாடும் சுமார்தான். நெருப்பைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டி, "இன்று எதிர்பாராமல் வந்தது எது? நாலு வரி எழுதுங்கள்" என்றார்கள். பரீட்சை ஹால் மாதிரி இருந்தது. அண்ணி தாளை மடித்து வைத்துவிட்டு, கணியன் பூங்குன்றனாரின் பாட்டைத் தமிழில் சொல்லி ஆங்கிலத்தில் விளக்கினார். நாம் 'யாதும் ஊரே'யோடு நிறுத்திவிடுகிறோம். பாட்டுக்குள் மழை பெய்கிறது, கல்லில் மோதி இரைகிற பேராறு ஓடுகிறது, நீர் போன வழியே ஒரு தெப்பம் போகிறது. உயிரும் அப்படித்தான் என்கிறார் புலவர்.

அந்தப் பக்கத்துப் பழங்குடி மொழியான நாமா பேசும் கைடு கவனமாகக் கேட்டுவிட்டு, "தெப்பத்துக்குச் சரி, கனோவுக்கு ஆகாது" என்றார். படகு தண்ணீரின் வேகத்திலேயே போனால் திருப்ப முடியாதாம். ரேப்பிட், அதாவது பாறைகளுக்கிடையே ஆறு சீறிப் பாயும் இடம், வரும்போதுதான் இன்னும் வலித்துத் துடுப்புப் போட வேண்டும். பயந்து துடுப்பைத் தூக்கினால் படகு குறுக்கே திரும்பிப் பாறையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது உடம்பு தானாகப் பாறையை விட்டு விலகிச் சாயும். அங்கேதான் ஆபத்து: தண்ணீர் வரும் பக்கத்துப் படகு விளிம்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே பாயும். பாறைப் பக்கமே சாய வேண்டும். மறுநாள் எங்களுக்கு அதுவே நடந்தது. பின்னாலிருந்து அவர் "கட்டிப்பிடி, கட்டிப்பிடி!" என்று கத்த, நானும் அண்ணியும் முன்பின் தெரியாத அந்தக் கறுப்புப் பாறையைச் சம்பந்தியைத் தழுவுவதுபோல் தழுவினோம். கனோ மெல்ல நழுவி வெளியே வந்தது. இந்த ஒரு பாடத்துக்கே கொடுத்த காசு தகும்.

மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து எதிர்காற்று அடிக்கும், தோள் கழன்றுவிடும். டிசம்பர், ஜனவரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், வேண்டாம்.

நாங்கள் போனது புரட்டாசியில். சைவம் என்று முன்பே சொன்னதால் பட்டர்நட் பூசணியும் மக்காச்சோளமும் தனிச் சட்டியில் வந்தன. சுத்தம், ஆனால் உப்புச்சப்பில்லை. ஊறுகாய் கொண்டுபோங்கள். கண்ணாடி பாட்டிலைப் படகில் ஏற்ற விடமாட்டார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் கூடுதலாகவே. கைடும் கேட்பார்.