பறக்கும் ஆயாவும் பக்கத்து இருக்கை ஆயாவும்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். ஆகவே, விமானத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருப்பார் என்று என் மகள் சொன்னபோது, எனக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு எடுத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துத்தான் இருந்தாள், ஆனால் அவள் சொன்ன ஆயா வேறொருவர். ஒன்பது மாதப் பேத்தி, நான்கு வயதுப் பேரன், மகள், நான் என நால்வராகக் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் சென்னை போய், அங்கிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாக லண்டன் சென்றோம். மாப்பிள்ளை பதினைந்து நாள்களுக்கு முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தார். குறைகளையும் எழுதப்போவதால் விமான நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

விமானத்தில் குழந்தைப் பராமரிப்புக்கென்று பயிற்சி பெற்ற ஒருவரை நியமிக்கும் வழக்கம் வளைகுடா நிறுவனங்களால்தான் பரவலாகப் பேசப்பட்டது. எத்திஹாத் நிறுவனம் 2013-இல் இத்தகைய சேவையைத் தொடங்கியபோது, 1892-இல் நிறுவப்பட்டு இன்றும் குழந்தை வளர்ப்புப் பணியாளர்களை உருவாக்கிவரும் இங்கிலாந்தின் நார்லண்ட் கல்லூரியைக் கொண்டு தன் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. அவர்களை அடையாளம் காண ஆரஞ்சு நிற மேலங்கியும் கொடுத்தது. நாங்கள் போன நிறுவனத்தில் மேலங்கி ஏதும் இல்லை. சட்டையில் குத்தியிருந்த சிறு வில்லை ஒன்றுதான் அடையாளம். அவரும் மற்றப் பணிப்பெண்களைப் போல உணவு வண்டி தள்ளுகிறவர்தான் என்பதையும், குழந்தைக்கென்றே தனியாக ஒருவர் அமர்ந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வது தவறு என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்தப் பெண்ணுக்குக் குழந்தையை அணுகத் தெரிந்திருந்தது. பேத்திக்கு வேற்றுமுகம் வந்திருந்த சமயம் அது. ஊரில் பக்கத்து வீட்டு ஆச்சி கை நீட்டினாலே உதடு பிதுங்கும். உணவு வந்தபோது பேரன் என் மடியில் தலை வைத்து அசந்து தூங்கிவிட்டான். என் கை இரண்டும் அவனுக்கு ஆகிவிட்டன. மகளோ, ஒரு கையால் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சூடான தேநீர்க் கோப்பையை எட்டாத தூரத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வந்ததும் குழந்தையை நோக்கிக் கையை நீட்டவில்லை. நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, குழந்தையைப் பார்க்காமலேயே, ஒரு காகிதக் கோப்பையை இன்னொன்றுக்குள் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தார். மூன்றாவது முறை எடுத்தபோது பேத்தியே எட்டிப் பார்த்துக் கோப்பையைப் பிடித்தாள். அதன் பிறகுதான் அவர் மகளிடம், தூக்கலாமா என்று கேட்டார்; தூக்கியவர் தன் முகத்தைக் குழந்தை பார்க்காதபடி வெளிப்புறம் திருப்பி அணைத்துக்கொண்டார். கால் மணி நேரம் சமையல் பகுதி வரை நடந்து திரும்பினார். கண்பார்வையை விட்டு அகலவில்லை. என் மகள் பிரசவத்துக்குப் பிறகு விமானத்தில் ஆறாத உணவு சாப்பிட்டது அன்றுதான் என்றாள். இந்தக் கால் மணி நேரத்துக்காகவே அச்சேவையை நான் மதிக்கிறேன்.

பேரனுக்குக் கொடுத்த வண்ணக் குச்சிகளும் ஒட்டுப் படங்களும் அரை மணி நேரம் தாங்கின. நான் கொண்டுபோன சீப்புச் சீடை அதைவிட நீண்ட நேரம் தாங்கியது.

குறை எங்கே என்றால், தேவை மிகும் நேரத்தில் அந்தக் கை கிடைப்பதில்லை. விமானம் உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்துக்குச் சமம். கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது போல. இறங்கத் தொடங்கினால், அரை மணி நேரத்துக்குள் கொடைக்கானலிலிருந்து கடற்கரைக்கு வந்துவிடுகிறோம். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குறுகலாகவும் ஏறத்தாழப் படுக்கைவாக்கிலும் இருப்பதால், அழுத்தம் சமனாகாமல் காது வலிக்கிறது. பால் உறிஞ்சி விழுங்கும்போது அந்தக் குழல் திறக்கிறது. குழந்தை வீறிட்டு அழுவதும் இந்த நேரத்தில்தான், பணியாளர்கள் எல்லோரும் தத்தம் இருக்கையில் வாரிட்டு அமர வேண்டியதும் இந்த நேரத்தில்தான். அது விதி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இறங்கத் தொடங்குமுன் ஒருவர் வந்து, இப்போதே பால் கொடுங்கள் என்று நினைவூட்டியிருக்கலாம். முதல் விமானத்தில் யாரும் சொல்லவில்லை. இறங்குவதற்கு முக்கால் மணி முன்பாகவே பேத்தி வயிறு நிறையக் குடித்துவிட்டிருந்ததால், வேண்டிய நேரத்தில் புட்டியை வாயில் வாங்க மறுத்து, தரை தொடும் வரை அழுதாள். இரண்டாம் பயணத்தில் நாங்களே உஷாராகி, பசியோடு வைத்திருந்து இறங்கும்போது கொடுத்தோம், சத்தமே இல்லை.

வெந்நீர் கேட்டால் கொதிக்கக் கொதிக்க வருகிறது. அதை ஆற்றுவதற்குள் குழந்தை விமானத்தையே எழுப்பிவிடும். ஆறிய வெந்நீரைக் குடுவையிலும், அளந்த பால்மாவைத் தனித்தனி டப்பாவிலும் எடுத்துப்போவது நல்லது. பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி வரம்பு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது; தனியே எடுத்துக் காட்டினால் போதும்.

தொட்டிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முன்வரிசைச் சுவரில் மாட்டித் தரும் அந்தத் தொட்டிலுக்கு இந்நிறுவனம் வைத்திருந்த எடை வரம்பு 11 கிலோ. எண்ணிக்கை குறைவு என்பதால், சீட்டு எடுத்த அன்றே தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், மகள் செய்திருந்தாள். ஆனால் எங்கள் வீட்டில் பர்மாத் தேக்கு உத்தரத்தில் பழைய நூல்சேலையைக் கட்டிய ஏணையில் தூங்கிப் பழகிய குழந்தைக்கு, ஆடாத தொட்டில் ஒரு பெட்டி மட்டுமே. இரண்டு மணி நேரம் தட்டித் தூங்கவைத்தால், இருக்கைவார் விளக்கு எரிகிறது; குலுக்கல் அடங்கும் வரை குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, தாயின் வாரோடு இணைத்த சிறு வாரை மாட்ட வேண்டும். மூன்று முறை இப்படி எழுப்பினோம். பாதுகாப்புக்குத்தான் என்றாலும் மனம் கசந்தது. முன்வரிசையில் எதிரே இருக்கை இல்லாததால் பையைக் காலடியில் வைக்க முடியாது. டயப்பர் உட்பட எல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும் தலைக்கு மேலே போய்விடும். இரண்டு டயப்பரையும் ஒரு மாற்றுடையையும் இருக்கைப் பையில் செருகிவைத்தது என் யோசனை.

இரண்டாம் விமானத்தில், ஏழு மணி நேரம் போகும் நீண்ட பயணத்தில்தான், பயிற்சி பெற்றவர் யாருமே இல்லை. கேட்டதற்கு, எல்லா விமானத்திலும் இருப்பார் என்று உறுதி கூறவில்லையே என்றார்கள். விளம்பரத்தில் அந்த வரியைக் காணோம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் எங்கள் ஊர்க்காரர்கள், நான்கு மணி நேரத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ராஜுலா கப்பலில் பினாங்குக்குக் கைக்குழந்தையோடு போய்வந்த அப்பத்தாக்களின் வழிவந்தவர்கள் நாம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. குறைந்த கட்டண விமானங்களில் பொதுவாகத் தொட்டிலும் கிடையாது, குழந்தைக்கென உதவியாளரும் கிடையாது. இரண்டு வயதுக்குட்பட்ட மடிக்குழந்தைக்கு நிலையான ஒரு தொகை வாங்குவார்கள், முழுச்சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவுக்கு வாங்குகின்றன. அந்தக் குறுகிய தூரத்துக்கு நான் மலிவான சீட்டையே பரிந்துரைப்பேன். இருக்கையைப் பற்றி மட்டும் விழிப்பாக இருங்கள்: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பதிவில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவருக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024-இல் அறிவுறுத்தியுள்ளது. பணம் கட்டினால்தான் சேர்ந்து உட்காரலாம் என்று யாராவது சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆவணியில் மகள் குழந்தைகளோடு திரும்பி வருகிறாள். அதே நிறுவனத்தில்தான் சீட்டு எடுத்திருக்கிறாள். அந்தக் கால் மணி நேரச் சாப்பாட்டை அவள் மறக்கவில்லை. ஆனால் பேத்தி அதற்குள் 11 கிலோவைத் தாண்டிவிடுவாள் என்பதால் தொட்டிலைக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கூட்டிவர மாப்பிள்ளை விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.