மனநல வார்டில் சேர்க்க: காப்பீட்டு கேஷ்லெஸ்ஸா, ஆசாரிப்பள்ளமா?

என் தம்பியை இரண்டு முறை மனநல வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் முறை ஒரு தனியார் மருத்துவமனையில், காப்பீட்டு கேஷ்லெஸ்ஸில்; அதாவது பில்லை காப்பீட்டு நிறுவனமே நேராக மருத்துவமனைக்குக் கட்டும் முறையில். இரண்டாம் முறை நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மெடிக்கல் காலேஜ் மருத்துவமனையில். இனியொரு முறை வந்தால் நேராக ஆசாரிப்பள்ளத்துக்குத்தான் வண்டியைத் திருப்புவேன்.

தனி அறை, ஏசி, அமைதி எல்லாம் தனியாரில் உண்டு. அதில் தகராறு இல்லை.

சட்டமும் காப்பீடு எடுத்தவர் பக்கம்தான் நிற்கிறது. 2018 மே 29 முதல் அமலில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய் என்றால் 3 ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம். குடி, போதைக்கான சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் கிடையாது. நாகர்கோவில் அளவு ஊர்களில் குறைந்தது 10 படுக்கை இருந்தால்தான் பாலிசிக் கணக்கில் அது மருத்துவமனை. சிறிய கிளினிக்கில் சேர்க்கும் முன் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

எங்களை ஆட்டிவைத்தது வேறு: நாள் கணக்கு.

சேர்த்த அன்றே காப்பீட்டு நிறுவனத்தின் முதல் அனுமதி வந்துவிட்டது. 5 நாளுக்கு. அதற்கு மேல் தங்க, மருத்துவமனை திரும்பவும் எழுதிக் கேட்க வேண்டும். தம்பி நாலாம் இரவுதான் சேர்ந்தாற்போல நாலு மணி நேரம் தூங்கினான். அம்மா சுவரில் சாய்ந்து அவன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்த பெண் அப்பாவைக் கூப்பிட்டு, "காய்ச்சல் இல்லை, பிரஷர் நார்மல், மாத்திரைதானே கொடுக்கிறீர்கள், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்கிறார்கள் சார்" என்றார். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயை அனுப்பலாம். தூங்காத இரவுக்கும், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்கு ஓடுவதற்கும் எதை அனுப்புவது? டாக்டர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். பதில் வரும்வரை 20,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அப்பா பையை எடுத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மூன்றே மாதத்தில் பழையபடி ஆனான்.

அதே சட்டத்தின் 89-ஆம் பிரிவைப் பாருங்கள். நோயாளி தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால், ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும் தனித்தனியே பார்த்துச் சொன்னால், 30 நாள் வரை வைத்துச் சிகிச்சை தரலாம். டாக்டருக்குச் சட்டம் கொடுத்த அந்த இடத்தை, எங்கள் விஷயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் ஒரு மெயில் 5 நாளாகக் குறுக்கியது.

ஆசாரிப்பள்ளத்தில் இந்தப் பேச்சே எழவில்லை. ஆதார், பழைய சீட்டுகள், கூடத் தங்க ஒரு ஆள். அவ்வளவுதான். 19 நாள் இருந்தான். ஒவ்வொரு காலையும் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அவனிடமே, "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே மக்கா?" என்று கேட்பார். மருந்தின் அளவும் வீட்டுக்குப் போகும் நாளும் அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவானது. பாயும் ஃபிளாஸ்க்கும் வீட்டிலிருந்து கொண்டுபோனோம். நானும் அம்மாவும் மாறி மாறித் தங்கினோம். தினக்கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கஷ்டம் என்பதை மறைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, முதலில் நாமே கட்டிவிட்டு அப்புறம் கிளெய்ம் செய்வது. நான் செய்து பார்த்ததில்லை. எங்கள் பெரியப்பா மகன் வேறொரு நோய்க்குச் செய்திருக்கிறான். கேள்விகள் அதேதான் வரும், ஆனால் நோயாளி குணமாகி வீடு திரும்பிய பிறகு வரும். கையில் பணம் புரளுமானால் கேஷ்லெஸ்ஸைவிட இது மேல் என்றே எனக்குப் படுகிறது. மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு கேஸ் ஷீட் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எழுதிய குறிப்புகள் அதில்தான் இருக்கும்.

பாலிசியை நான் நிறுத்தவில்லை. அப்பாவுக்கு இதயத்தில் கோளாறு இருக்கிறது, அதற்கு அது வேண்டும். தம்பிக்கு மாதம் ஒருமுறை ஆசாரிப்பள்ளம் ஓபியில் மாத்திரை வாங்குகிறோம். எங்கே போவது என்றே தெரியாமல் நடுராத்திரியில் தவிப்பவர்கள் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.