உலை ஓடும்போதே சென்சார் டிரிஃப்டைக் கண்காணித்தல்: ஏழு ஆண்டு அனுபவம்

அழுத்த நீர் வகை அணுமின் நிலையம் ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்சார்கள் மெல்ல மெல்லச் சரியான அளவிலிருந்து விலகிப்போவதை டிரிஃப்ட் என்போம். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கவனிக்கும் மென்பொருளை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். எரிபொருள் மாற்றும் நிறுத்தங்கள் நான்கைப் பார்த்தாயிற்று.

முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லா டிரான்ஸ்மிட்டர்களையும் (அளந்ததை மின் சிக்னலாக அனுப்பும் கருவிகள்) கையால் சோதிப்போம். வால்வுகளை மூடி, தெரிந்த அழுத்தம் கொடுத்து, 0, 25, 50, 75, 100 சதவீதத்தில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னல் சரியாக வருகிறதா என்று பார்ப்போம். பெரும்பாலானவை சரியாகவே இருக்கும். நல்ல கருவியில் தேவையில்லாமல் கை வைப்பதுதான் எனக்கு உறுத்தியது. வேலை முடிந்தபின் கருவியின் இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்கும் சமன் வால்வைத் திறந்தபடி விட்டுவிட்டால், அது எந்த டிரிஃப்டையும்விட மோசம். கன்டெய்ன்மென்ட்டுக்குள், அதாவது உலையைச் சூழ்ந்த காப்புக் கட்டடத்துக்குள், செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் கதிர்வீச்சுக் கணக்கில் ஏறும் என்பதும் உண்டு.

மென்பொருள் செய்வது எளிய வேலை. ஒரே அளவை மூன்று, நான்கு சேனல்கள் (தனித்தனி அளவீட்டு வழிகள்) அளக்கின்றன. எல்லாவற்றிலிருந்தும் ஒரு மதிப்பீடு எடுத்து, ஒவ்வொரு சேனலும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மாதக்கணக்கில் கோடு வரைகிறது. இரண்டாவது சுற்றில் (ஒரு எரிபொருள் மாற்றத்திலிருந்து அடுத்தது வரை ஒரு சுற்று) பிரஷரைசரின், அதாவது உலை நீரின் அழுத்தத்தைக் காக்கும் தொட்டியின், நீர் மட்டத்தை அளக்கும் ஒரு சேனல் இப்படித்தான் சிக்கியது. கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு ஷிப்டிலும் சேனல்களை ஒப்பிடுகிறார்கள், ஆனால் விலகல் அனுமதித்த எல்லைக்குள்ளேயே இருந்தது. கோட்டில் மட்டும் சரிவு தெளிவாகத் தெரிந்தது. நிறுத்தத்தில் திறந்து பார்த்தபோது பூஜ்ஜியப் புள்ளி நகர்ந்திருந்தது, ஏறக்குறைய கோடு சொன்ன அளவுக்கே. அன்றைக்குத்தான் இதன்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம், சிக்னலில் உள்ள இரைச்சலையும் சேர்த்துப் பாருங்கள். சராசரி சரியாக இருந்து, இரைச்சல் மட்டும் அடங்கிப்போனால் அழுத்தம் வரும் சிறு குழாய் அடைபட்டிருக்கலாம். டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்தாலும் பதில் மந்தமாகும். அந்தக் கோளாறு பற்றி அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1990-இல் தனி அறிவிக்கையே வெளியிட்டது.

தொல்லைகளும் உண்டு. உலையிலிருந்து வெளியேறும் சூடான குழாயில் தண்ணீர் முழுதாகக் கலப்பதில்லை. குழாயைச் சுற்றி வைத்த வெப்பநிலை சென்சார்கள் உண்மையிலேயே வேறு வேறு வெப்பத்தைக் காண்கின்றன. தொடக்கத்தில் இவற்றுக்கெல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட, உலையைச் சூடேற்றும்போது எல்லா இடமும் ஒரே வெப்பநிலையில் நிற்கும் நேரமே சரி. இன்னொன்று, முழுத்திறனில் ஓடும்போது ஒரு டிரான்ஸ்மிட்டர் தன் வீச்சில் ஒரே புள்ளியில்தான் நிற்கிறது. மற்ற புள்ளிகளில் அது எப்படி என்று அந்தத் தரவு சொல்லாது. நாங்கள் முதல் தொடக்கத்தின் தரவைச் சேமிக்காமல் விட்டுவிட்டு ஒரு சுற்று முழுவதும் வருந்தினோம். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, எல்லாச் சேனல்களும் ஒரே பக்கம் நகர்வது. எது மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றுதான் ஒப்பீடு சொல்லும், எது சரி என்று சொல்லாது. நீராவி ஆக்குவதற்குப் போகும் ஊட்டுநீரின் ஓட்டத்தை அளக்கும் வென்சுரியில் (நடுவில் குறுகும் குழாய்) படிவு சேர்ந்தால் அதில் இணைத்த எல்லா டிரான்ஸ்மிட்டர்களும் அழகாக ஒத்துப்போகும், ஆனால் ஓட்டத்தைக் கூடுதலாகக் காட்டும். அந்த ஓட்டத்தை வைத்துக் கணக்கிட்ட வெப்பத்திறனும் கூடிவிடும். உலை 100 சதவீதம் என்று நாம் நினைத்திருக்க, உண்மையில் அதற்குக் கீழே ஓடும். எங்களுக்கு இது தெரிந்தது ஜெனரேட்டர் தரும் மெகாவாட் குறைந்ததைப் பார்த்துத்தான்.

அதனால் கையால் செய்யும் சோதனையை முழுவதுமாக விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்க ஆணையம் 2000-இல் இந்தக் கண்காணிப்பு முறையை ஏற்றபோதும், ஒரே அளவை அளக்கும் ஒவ்வொரு குழுவிலும் ஒரு டிரான்ஸ்மிட்டரையாவது ஒவ்வொரு சுற்றிலும் கையால் சோதிக்க வேண்டும் என்பதை விடவில்லை. நாங்களும் முறை வைத்துச் செய்கிறோம். பிரஷரைசர் மட்டத்தில் இதுவரை மூன்று சேனல்கள் முடிந்தன. அடுத்த நிறுத்தத்தில் நான்காவதன் முறை. அதன் கோடு ஏழு ஆண்டுகளாக நேராகவே இருக்கிறது, இருந்தாலும் அழுத்தம் கொடுத்துப் பார்க்கத்தான் போகிறோம்.