கோவா போக்கருக்குப் பணம் போடுவது: ஒரே ஆட்டக்காரர், மூன்று பேரம்

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. அதனால் மதுரையில் போக்கர் ஆடத் தெரிந்தவர்களுக்கு இப்போது முக்கியமான களம் கோவா கேசினோ டோர்னமென்ட்தான். நுழைவுப் பணம் கையைக் கடிக்கும். எனவே கிளம்பும் முன் ஆள் தேடுகிறார்கள்: "மச்சான், காசு நீ போடு, ஆடுறது நான். லாபத்துல பாதிக்குப் பாதி." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் வண்டவாளம் தெரியும்.

ஒரு பயணத்துக்கு 50,000 ரூபாய் டோர்னமென்ட் நான்கு, மொத்தம் 2,00,000 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் நல்லவர், சராசரியாக 30 சதவீத லாபம் எடுப்பவர். அந்தச் சராசரி மாதாமாதம் வரும் வட்டி மாதிரி வராது. பத்துப் பயணத்தில் ஏழில் வெறுங்கை, இரண்டில் 3,00,000, ஒன்றில் 20,00,000. இது கற்பனைக் கணக்கு. ஆனால் டோர்னமென்ட் பணத்தின் போக்கு இப்படித்தான் இருக்கும். சராசரி வரவு 2,60,000.

முதல் பேரம், பங்கு விற்பது. வரும் பரிசில் 40 சதவீதப் பங்கை 1.2 மார்க்அப்புடன், அதாவது அசல் விலையின் 1.2 மடங்குக்கு, விற்கிறார். அசல் விலை 80,000. நீங்கள் கொடுப்பது 96,000. எதிர்பார்க்கும் வரவு 1,04,000. லாபம் 8,000, அதாவது போட்ட பணத்துக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல். அவருடைய உண்மையான சராசரி லாபம் 20 சதவீதம்தான் என்றால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. 10 சதவீதம் என்றால் 8,000 நஷ்டம். மார்க்அப் 1.2 என்றாலே அவர் 20 சதவீதத்துக்கு மேல் எடுப்பார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். விலை கண்ணுக்குத் தெரிவதுதான் இந்தப் பேரத்தின் நல்ல குணம்.

இரண்டாவது, முழுப் பணமும் உங்களுடையது, லாபத்தில் பாதி, ஒரு பயணத்தோடு கணக்கு முடியும். ஊரில் அதிகம் பேசப்படுவது இதுதான், மோசமானதும் இதுதான். ஏழு முறை உங்களுக்கு மட்டும் 2,00,000 நஷ்டம். அவருக்கு நஷ்டமே இல்லை. இரண்டு முறை ஆளுக்கு 50,000. ஒரு முறை ஆளுக்கு 9,00,000. பத்துப் பயணத்தைச் சராசரி எடுத்தால் பயணத்துக்கு உங்களுக்கு 40,000 நஷ்டம், அவருக்கு 1,00,000 லாபம். ஆட்டக்காரர் ஜெயிக்கிறவர், ஆனாலும் பணம் போட்டவர் தோற்கிறார்! மேலூர்ப் பக்கம் நிலத்தை வாரத்துக்கு விடுவதுபோல என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நெல் வயலில் பத்துப் போகத்தில் ஏழு போகம் மொத்தமாகச் சாவியாவதில்லை. இதே கணக்கில் உங்கள் பங்கு 70 சதவீதமானால்தான் தலைக்குத் தலை சரியாகும். 80-க்கு 20 என்றால் பயணத்துக்கு 20,000 நிற்கும்.

மூன்றாவது, அதே பாதிக்குப் பாதி, ஆனால் மேக்கப்போடு. முகப்பூச்சு அல்ல, பழைய நஷ்டம் பாக்கியாக ஏறிக்கொண்டே வரும், அது அடைந்த பிறகுதான் லாபத்தைப் பிரிப்பது. நீண்ட காலம் ஓடினால் மொத்த லாபத்தில் ஏறக்குறைய பாதி உங்களுக்கு வரும். ஓடுமா என்பதுதான் கேள்வி. பத்துப் பயணத்திலும் அந்தப் பெரிய பரிசு ஒருமுறைகூட வராமல் போக 35 சதவீத வாய்ப்பு உண்டு. பாக்கி 10 லட்சத்தைத் தொட்டதும், இனி சின்னப் பரிசு ஜெயித்தாலும் தன் கைக்கு எதுவும் வராது என்று ஆட்டக்காரருக்குப் புரியும். கண்மண் தெரியாமல் ஆடுவார், இல்லையென்றால் வேறு ஆளிடம் புதுக் கணக்குத் தொடங்குவார். விலகினால் பாக்கி என்ன ஆகும், எந்தத் தொகையில் ஆட்டத்தை நிறுத்துவது என்ற இரண்டையும் முன்பே எழுதிக்கொள்ளாவிட்டால் அந்தப் பாக்கி வெறும் காகிதக் கணக்குதான்.

மூன்றையும் ஒரே போடாகப் போடுவது வரி. 10,000 ரூபாயைத் தாண்டிய பரிசில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்தால் 31.2. தோற்ற டோர்னமென்ட்டின் நுழைவுப் பணத்தை அதில் கழிக்க முடியாது. நம் கணக்கில் முழுப் பரிசுக்கும் 30 சதவீதம் போனால் 2,60,000 என்பது 1,82,000 ஆகிவிடும், முதலே தேறவில்லை. மார்க்அப் இல்லாமல் வாங்கினாலும் ஆட்டக்காரர் வரிக்கு முன் 43 சதவீத லாபம் எடுத்தால்தான் சமம். மார்க்அப் 1.1 என்றால் 57, 1.2 என்றால் 71. எனவே முதல் கேள்வி பங்கு விகிதம் அல்ல. பரிசைப் பிரிப்பது வரிக்கு முன்பா பின்பா என்பதே. வரியை அவர் தன் பங்கிலிருந்து கட்டுவார் என்றால்தான் மேலே சொன்ன 8,000 நிஜம்.

ஆட்டக்காரர் 30 சதவீத லாபம் எடுப்பவர் என்பதை எப்படி நம்புவது? போக்கர் டோர்னமென்ட் பரிசுகளைப் பதிவு செய்யும் ஹெண்டன் மாப் தளத்தில் ஜெயித்த தொகை தெரியும், தோற்ற நுழைவுகள் தெரியாது. ஆகவே நுழைவு ரசீது, வங்கிக் கணக்கு இரண்டையும் கேளுங்கள். அதுவும் போதாது: நம் உதாரணத்தில் 25 பயணம், அதாவது 100 டோர்னமென்ட் ஆடிய பிறகும் சராசரி 59 சதவீதப் புள்ளி மேலோ கீழோ விலகி நிற்பது சாதாரணம். ஒரு பெரிய பரிசைக் காட்டி 1.3 மார்க்அப் கேட்பவர் அந்த விலகலைத்தான் விற்கிறார்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டுமென்றால் முதல் பேரம், மார்க்அப் இல்லாமல், 10 அல்லது 20 சதவீதத்துக்கு மேல் போகாமல். மிச்சத்தில் அவருடைய சொந்தக் காசும் இருக்கட்டும். ஒரே பயணம் என்றால் இரண்டாவதை 80-க்கு 20-ஆக, வரி அவர் தலையில் என்று கேட்கலாம், ஒப்புக்கொள்பவர் அரிது. மூன்றாவது, வருடக்கணக்கில் பழகிய ஆளுக்கு மட்டும்.

தோற்று வெளியேறிய பிறகு மறுபடி பணம் கட்டி நுழையும் மறுநுழைவு எத்தனை முறை, யார் காசில் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். இரவு பதினோரு மணிக்கு "இன்னொரு ஐம்பது அனுப்பு" என்று போன் வரும்போது பேசிக்கொண்டிருக்க முடியாது. ரயில், விடுதிச் செலவு யாருடையது என்பதும் அதே தாளில். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இது பந்தயமல்ல, முதலீடு என்று வாதாடலாம், வக்கீல் செலவு பங்கைத் தின்றுவிடும். இருந்தாலும் தாள் வேண்டும்: உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணம் உங்கள் வருமானமாகக் கணக்காகும். போன பணமும் வந்த பணமும் வங்கி வழியாகவே இருக்கட்டும்.